நினைவு நிலமாகும் விதம்: மெரினா நினைவிடங்களும் சென்னையின் பொதுவெளியும்

சென்னை மெரினாவின் வடகோடியில், நேப்பியர் பாலத்துக்கும் உழைப்பாளர் சிலைக்கும் இடைப்பட்ட மணலில் நான்கு முதலமைச்சர்கள் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். 1969இல் அண்ணா, 1987இல் எம்.ஜி.ஆர்., 2016இல் ஜெயலலிதா, 2018இல் கருணாநிதி. ஒரு பெருநகரத்தின் பொதுக் கடற்கரை ஐம்பது ஆண்டுகளுக்குள் ஆட்சியாளர்களின் அடக்கத்தலமாகவும் ஆனதற்கு இணையான இன்னொரு நகரத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதல்ல.

இந்த நினைவிடங்களைப் பற்றிய பேச்சு வழக்கமாக இரண்டு திசைகளில் போகிறது. ஒன்று அழகியல்: வளைவுகள் எப்படி இருக்கின்றன, கருங்கல் எப்படி இருக்கிறது, எவ்வளவு செலவு. மற்றொன்று அரசியல்: இறந்த தலைவரின் பெருமையும் கட்சியின் கணக்கும். இரண்டும் தேவையானவையே. ஆனால் நகரத்தைப் பொறுத்தவரை இவற்றுக்கு முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது. யாருக்கும் சொந்தமல்லாத, அதனாலேயே எல்லோருக்கும் உரிய ஒரு மணல்வெளி, குறிப்பிட்ட ஒருவரின் நினைவுக்கான நிலமாக எப்படி மாறுகிறது? எந்த நேரத்தில், யாருடைய ஒப்புதலோடு, யாரை விலக்கி மாறுகிறது? இக்கட்டுரை அந்தக் கேள்வியையே பின்தொடர்கிறது.

மணல் வந்த வழி

மெரினா என்றும் இருந்த இயற்கை அல்ல. சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் 1870களின் பிற்பகுதியில் கடலுக்குள் நீளத் தொடங்கியதும் இந்தக் கரையின் கணக்கு மாறியது. சோழமண்டலக் கரையில் ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவர்கள் அதைத் தடுத்தன. தெற்கே மணல் குவிந்து கரை அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வரத்து நின்று கடல் ஊருக்குள் ஏறியது. தென்சென்னைக்குக் கிடைத்த அகன்ற கடற்கரை, வடசென்னை மீனவர்கள் இழந்த கரையின் மறுபக்கம். நினைவிடங்கள் நிற்பது இப்படி வந்து சேர்ந்த புதிய நிலத்தில்தான் என்பதை நம் நினைவிட இலக்கியம் ஏறத்தாழக் குறிப்பிடுவதே இல்லை.

ஆளுநர் கிராண்ட் டஃப் 1884இல் இங்கே நடைபாதை அமைத்து மெரினா என்று பெயரிட்டார். அதற்கு எதிரே சேப்பாக்கம் அரண்மனையும், மாநிலக் கல்லூரியும், சிசோம் வடிவமைத்த பல்கலைக்கழக செனட் ஹவுசும் ஏற்கெனவே நின்றிருந்தன. ஒரு பக்கம் அதிகாரத்தின் கட்டடங்கள், மறுபக்கம் எதுவும் கட்டப்படாத வெறுமை என்பதே இந்தச் சாலையின் அமைப்பு. கட்டடங்களுக்குக் கம்பீரம் கொடுத்ததே எதிரே இருந்த வெறுமைதான்.

அந்த வெறுமை உண்மையில் வெறுமையாக இருந்ததுமில்லை. அது மீனவர்களின் கட்டுமரங்கள் கிடந்த இடம், வலை உலர்ந்த இடம். பிறகு கூட்டங்களின் இடமும் ஆனது. 1907இல் விபின் சந்திர பாலர் சொற்பொழிவாற்றியதும், பாரதி பேசியதும் திருவல்லிக்கேணிக் கடற்கரையில்தான். அதன் ஒரு பகுதிக்குத் திலகர் திடல் என்ற பெயர் நிலைத்தது. கல்லோ சுவரோ இல்லாமல், பேச்சினாலும் கூடுகையினாலும் மட்டும் ஓர் இடம் நினைவு பெற்றது அப்படித்தான்.

நின்ற சிலைகளும் போன சிலைகளும்

நினைவுச்சின்னம் கண்ணில் படாமல் போவதற்கென்றே எழுப்பப்படுவது போலிருக்கிறது என்ற கருத்தை ஆஸ்திரிய எழுத்தாளர் ராபர்ட் முசில் முன்வைத்தார். தினமும் கடந்துபோகிறவர்கள் அதைப் பார்ப்பதில்லை என்பது அவர் கவனிப்பு. சென்னையின் அனுபவம் இதற்கு ஒரு திருத்தம் சொல்கிறது: சிலை இருக்கும்வரை கண்ணில் படாமல் இருக்கலாம், அகற்றப்பட்ட மறுநாள் அது எல்லோருக்கும் தெரியும்.

முதல் சான்று நீல் சிலை. 1857 எழுச்சியை அடக்குவதில் கொடூரம் காட்டிய ஜேம்ஸ் நீலுக்கு மவுண்ட் ரோட்டில் சிலை இருந்தது. 1927இல் அதை அகற்றக் கோரித் தொண்டர்கள் சத்தியாகிரகம் செய்து சிறை சென்றார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1937இல் ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகு, சிலை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. அதே ஊரில் தீவுத்திடலுக்கு அருகே குதிரைமேல் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோ இன்றும் இருக்கிறார். அவரும் கம்பெனி ஆட்சியின் ஆளுநர்தான். ஆட்சியாளரின் இனமோ கொடியோ அல்ல, அவர் செய்தவற்றைப் பற்றிய மக்கள் நினைவே இரு சிலைகளின் விதியையும் பிரித்தது.

விடுதலைக்குப் பின் மெரினாவில் முதலில் வந்தவை அடக்கங்கள் அல்ல, சிலைகள். தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையும் காந்தி சிலையும் 1959இல் நிறுவப்பட்டன. 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வந்த சிலைகள் இந்தச் சாலையின் பொருளையே மாற்றின. வள்ளுவர், ஔவையார், கண்ணகி, வீரமாமுனிவர், கால்டுவெல், போப், பாரதி, பாரதிதாசன் என்று, ஒரு மொழியின் வரலாறு சாலையின் கடற்புறத்தில் நடந்து படிக்கக்கூடிய வரிசையானது. எதிர்ப்புறத்தில் காலனியக் கட்டடங்களின் வரிசை, இப்புறத்தில் தமிழின் வரிசை. சிற்பங்களாக இவை எல்லாமே உயர்ந்தவை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மதத்தையோ ஆட்சியையோ சாராமல் இலக்கியத்தையும் மொழியாய்வையும் மையமாக வைத்து ஒரு நகரத்தின் முகப்பை அமைத்த துணிவு பெரியது. அயல்நாட்டிலிருந்து வந்து தமிழுக்கு உழைத்த மூன்று பாதிரிமார்களுக்கு அந்த வரிசையில் இடம் கொடுத்த மனவிரிவும் பெரியது.

2001 டிசம்பரில் கண்ணகி சிலை அகற்றப்பட்டது. லாரி மோதிப் பீடம் பழுதானதும் போக்குவரத்து இடைஞ்சலும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அதுவும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கே போனது. ஆட்சி மாறியதும் 2006 ஜூனில் பழைய இடத்துக்குத் திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளில் கண்ணகி பற்றிப் பேசாத மேடையில்லை. கண்ணகி திரும்பிய அடுத்த மாதமே காமராசர் சாலையில் நிறுவப்பட்ட சிவாஜி கணேசன் சிலை, போக்குவரத்தைக் காட்டித் தொடரப்பட்ட வழக்கில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2017 ஆகஸ்டில் எடுக்கப்பட்டு அடையாறு மணிமண்டபத்துக்குப் போனது.

இந்த மூன்று நிகழ்வுகளிலிருந்தும் தெரிவது இது: சிலையைப் பெயர்க்கலாம். ஒரு கிரேனும் ஓர் இரவும் போதும். புதைக்கப்பட்ட உடல் அப்படியல்ல. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அதைத் தோண்டி எடுக்கத் துணியாது. நிலத்தின் மீதான உரிமைக்கோரல்களில் இதைவிட உறுதியானது இல்லை. மெரினாவில் நினைவு சிலையிலிருந்து உடலுக்கு நகர்ந்தபோது, கலையின் வடிவம் மட்டும் மாறவில்லை. நிலத்தின் தன்மையே மீளமுடியாதபடி மாறியது.

நடுகல்லா, பள்ளிப்படையா?

இந்த அடக்கங்களை விளக்க நம்மிடையே மிகுதியாகச் சொல்லப்படுவது நடுகல் மரபு. தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று கல் எடுக்கும் முறையை வகுக்கிறது. அந்தத் தொல்மரபின் தொடர்ச்சியே மெரினா என்பது மேடைகளிலும் கட்டுரைகளிலும் கேட்கும் வாதம். உணர்வுக்கு இதமான வாதம்தான். சான்றுகளோடு வைத்துப் பார்த்தால் பொருந்துவதில்லை.

நடுகற்கள் ஊரின் ஓரத்தில், வழியில், வீழ்ந்த களத்தில் நின்றன. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ்-பிராமி எழுத்துள்ள கற்களானாலும், செங்கம், தருமபுரிப் பகுதிகளின் வட்டெழுத்துக் கற்களானாலும், அவற்றில் பெரும்பாலானவை ஆநிரை கவர்வதிலோ மீட்பதிலோ மாண்டவர்களுக்கானவை. அவர்கள் அரசர்கள் அல்லர். எடுத்தனூர்க் கல்லில் வீரனோடு அவன் நாய் கோவிவனுக்கும் இடமுண்டு. ஊருக்காக உயிர்விட்ட எளியவரை ஊர் நினைத்த முறை அது. அரசு தன் தலைவருக்கு, அரசின் பணத்தில், தலைநகரின் முகப்பில் எழுப்பும் கட்டுமானத்தை அதனோடு சேர்ப்பது நடுகல்லின் எளிமைக்குச் செய்யும் நியாயமாகாது.

மெரினாவுக்கு நெருக்கமான முன்மாதிரி பள்ளிப்படை, அதாவது மறைந்த சோழ அரச குடும்பத்தினருக்கு எழுப்பப்பட்ட நினைவுக் கோயில், என்பது என் கருத்து. முதலாம் ஆதித்தனுக்கு அவன் மகன் பராந்தகன் தொண்டைமானாற்றூரில் எழுப்பியது. அரிஞ்சயனுக்கு ராஜராஜன் மேல்பாடியில் எழுப்பியது. சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்கு ராஜேந்திரன் பழையாறையில் எழுப்பியது. இவற்றில் எல்லாம் இறந்தவரின் பெயருக்கு இணையாகக் கட்டியவரின் பெயரும் நிற்கிறது. மேல்பாடி அரிஞ்சயனைப் பற்றிச் சொல்வதைவிட ராஜராஜனைப் பற்றி அதிகம் சொல்கிறது: நான் இந்த மரபில் வந்தவன், இந்த இடத்துக்கு உரியவன் என்று. பள்ளிப்படை வாரிசின் கட்டடம்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் மெரினாவின் பல நிகழ்வுகள் தெளிவாகின்றன. ஜெயலலிதா எம்.ஜி.ஆர். நினைவிட வளாகத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். ஐயங்கார் குடும்பத்தில் பிறந்தவரை எரியூட்டாமல் புதைத்தது பலருக்கு வியப்பளித்தது. ஆனால் அங்கே தொடரப்பட்டது சாதி வழக்கமல்ல, அரசியல் மரபு. 2017 பிப்ரவரி 7 இரவு அவர் கட்சியின் ஓ. பன்னீர்செல்வம் சசிகலாவுக்குத் தம் எதிர்ப்பை அறிவிப்பதற்கு முன் அமர்ந்து தியானித்தது அந்த அடக்கத்தின் முன்னால். ஒரு வாரம் கழித்துச் சிறை செல்லும் வழியில் சசிகலா கையால் மூன்று முறை அறைந்து சூளுரைத்ததும் அதே கல்லின் மீது. கட்டி முடிக்கப்படாத நிலையிலேயே அந்த இடம் வாரிசுரிமை கோரும் அவையாகிவிட்டது. பீனிக்ஸ் பறவை வடிவக் கட்டடம் திறக்கப்பட்டது 2021 ஜனவரி 27இல். சசிகலா விடுதலையானதும் அதே நாளில். மறுபுறம் அண்ணாவின் காலடியில் கருணாநிதிக்கு இடம் வேண்டும் என்று அவர் கட்சி போராடியதும் இதே காரணத்தால். யாருக்கு அருகில் என்பதே அங்கே கட்டடக்கலையின் முதல் விதி. உருவமும் அலங்காரமும் அதற்குப் பின்னர்தான்.

வாரிசின் கைச்சாத்து சில இடங்களில் வெளிப்படையாகவே தெரியும். 2012இல் எம்.ஜி.ஆர். நினைவிட நுழைவாயிலில் பறக்கும் குதிரைச் சிலையும் இலை போன்ற வடிவமும் வந்தபோது, அது கட்சியின் இரட்டை இலைச் சின்னம் என்று எதிர்க்கட்சி எதிர்த்தது. குதிரையின் சிறகு என்றது அரசு. கருணாநிதிக்கு 2.21 ஏக்கரில் 39 கோடி ரூபாயில் நினைவிடம் அமையும் என்று 2021 ஆகஸ்டில் பேரவையில் அறிவித்தவர் முதலமைச்சராக இருந்த அவர் மகன். 2024 பிப்ரவரியில், புதுப்பிக்கப்பட்ட அண்ணா நினைவிடத்தோடு அதுவும் திறக்கப்பட்டது.

பள்ளிப்படை விளக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அது கட்டுபவர்களைப் பற்றியது, வருபவர்களைப் பற்றியதல்ல. வெளியூரிலிருந்து பேருந்தில் வந்து இறங்கும் குடும்பங்கள் எம்.ஜி.ஆர். சமாதியின் கருங்கல்லில் காதை வைத்துக் கேட்கிறார்கள். அவரோடு புதைக்கப்பட்ட கைக்கடிகாரம் இன்னும் ஓடுகிறது என்ற நம்பிக்கை தலைமுறை தாண்டி வந்திருக்கிறது. இதை அறியாமை என்று ஒதுக்கும் பார்வை எனக்கு உடன்பாடில்லை. கூட்டு நினைவு என்பது குழுக்கள் இடங்களில் ஊன்றி வளர்ப்பது என்று மொரீஸ் ஹால்ப்வாக்ஸ் காட்டினார். அந்தக் காது வைத்தல் எந்தக் கட்டடக் கலைஞரும் திட்டமிடாதது. சத்துணவு உண்டு வளர்ந்தவர்களும் அவர் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களும் தாமாக உண்டாக்கிக்கொண்ட சடங்கு. கோடிகள் செலவிட்ட எந்தக் கட்டுமானத்தையும்விட அதுவே அந்த இடத்தை நினைவிடமாக்குகிறது.

ஓர் இரவுக்குள் ஒரு முடிவு

2018 ஆகஸ்ட் 7 மாலை கருணாநிதி இறந்தார். மெரினாவில் இடமில்லை, சட்டச் சிக்கல்கள் இருக்கின்றன என்று கூறி, காந்தி மண்டபத்தையொட்டி சர்தார் பட்டேல் சாலையில் இரண்டு ஏக்கர் தருவதாக அரசு அறிவித்தது. அன்றிரவே உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. பொறுப்புத் தலைமை நீதிபதி ஹுலுவாடி ஜி. ரமேஷ், நீதிபதி எஸ்.எஸ். சுந்தர் அடங்கிய அமர்வு இரவில் கேட்கத் தொடங்கி மறுநாள் காலை மெரினாவில் அடக்கத்துக்கு அனுமதித்தது. மெரினா அடக்கங்களுக்கு எதிராகக் கடற்கரை ஒழுங்குமுறை விதிகளைக் காட்டித் தொடரப்பட்டிருந்த மனுக்கள் அதற்குள் திரும்பப் பெறப்பட்டன.

பதவியில் இருக்கும்போது இறந்த முதலமைச்சர்களுக்கே மெரினா, முன்னாள்களுக்குக் கிண்டி என்ற அரசின் வாதத்தில் உண்மையின் சாயல் உண்டு. ராஜாஜிக்கும் காமராசருக்கும் நினைவிடங்கள் கிண்டியில், 1956இல் திறக்கப்பட்ட காந்தி மண்டபத்தின் அருகில்தான் அமைந்தன. ஆனால் அது விதியாக எங்கும் எழுதப்பட்டதில்லை. ஐந்து முறை முதலமைச்சராக இருந்தவருக்கு, அவருடைய எதிர்க்கட்சி ஆளும் நேரத்தில், திடீரென்று எடுத்துக்காட்டப்பட்ட வழக்கத்தை மக்கள் ஏற்காததில் வியப்பில்லை. அன்றிரவு காவேரி மருத்துவமனைக்கு வெளியே அழுதுகொண்டு நின்ற கூட்டத்தின் உணர்வை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அந்தத் தலைவருக்கு அந்த மரியாதை உரியது என்றே நினைக்கிறேன்.

என் மறுப்பு வேறிடத்தில். நூற்றாண்டுகளுக்கு நிலைக்கப்போகும் நிலப்பயன்பாட்டு முடிவு, துக்கத்தின் முதல் சில மணி நேரத்துக்குள் எடுக்கப்படுகிறது. அந்த நேரத்தில் நகரமைப்பு வல்லுநருக்கோ கரையோர மீனவருக்கோ கேள்வி கேட்க இடமில்லை. கேட்பது அநாகரிகமாகவும் படும். 1969 முதல் நான்கு முறையும் இதே கதைதான். முன்கூட்டி விதி செய்யாத அரசுகள், ஒவ்வொரு முறையும் சாவின் அவசரத்தில் நகரத்தைத் திருத்தி எழுதின.

விதி செய்தாலும் காப்பது கடினம் என்பதற்கு டெல்லி சான்று. யமுனைக் கரையில் ராஜ்காட், சாந்திவனம், சக்தி ஸ்தலம் என்று நிலம் நீண்டுகொண்டே போனதைக் கண்டு, இனித் தனித்தனிச் சமாதிகள் வேண்டாம், பொதுவாக ஒரு ராஷ்ட்ரிய ஸ்மிருதி ஸ்தலம் போதும் என்று மத்திய அமைச்சரவை 2013இல் முடிவெடுத்தது. கருணாநிதி மறைந்த அதே மாதத்தில் மறைந்த வாஜ்பாய்க்கு, ஆண்டு முடிவதற்குள் அங்கே தனி நினைவிடம் எழுந்தது.

பேச இடமில்லாத மணல்

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய இளைஞர்கள் அந்தக் கரையின் பழைய நினைவை, திலகர் திடலின் நினைவை, அறிந்தோ அறியாமலோ உயிர்ப்பித்தார்கள். 23ஆம் தேதி காவல்துறை அவர்களைக் கலைத்தது; நடுக்குப்பம் மீன் சந்தை எரிந்தது. அதன் பிறகு மெரினாவில் போராட்டங்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. காவிரிக்காக உண்ணாவிரதம் இருக்க விவசாயிகள் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணு கேட்டபோது 2018 ஏப்ரலில் தனி நீதிபதி ஒரு நாள் அனுமதித்தார். மேல்முறையீட்டில் அந்த அனுமதி நிற்கவில்லை. சுற்றுச்சூழலும் பொதுமக்களின் பயன்பாடும் காரணங்கள் ஆயின. உயிரோடிருக்கும் விவசாயிக்கு ஒரு நாள் உட்கார மறுக்கப்பட்ட கரையில், அதே ஆண்டில், இன்னோர் அடக்கத்துக்கு என்றென்றைக்குமான இடம் கிடைத்தது. இவ்விரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஆய்வு நம்மிடம் போதுமான அளவு இல்லை.

கூட்டங்களுக்கென்று கட்டப்பட்ட சீரணி அரங்கம் 2003இலேயே இடிக்கப்பட்டிருந்தது. அதற்கும் முன்னால், எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1985 டிசம்பரில், கரையை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் குடிசைகளையும் அகற்றும் முயற்சியின்போது நடந்த துப்பாக்கிச்சூட்டில் மீனவர்கள் உயிரிழந்தார்கள். காமராசர் சாலையின் நினைவுச்சின்ன வரிசையில் அவர்களுக்கு இடமில்லை. ஆநிரை மீட்டு வீழ்ந்தவனுக்குக் கல் நட்ட மரபைத் தம் முன்னோடியாகச் சொல்லிக்கொள்பவர்கள், தம் கரையைக் காத்து வீழ்ந்தவர்களுக்கு ஒரு கல்லையும் நட்டுத் தரவில்லை. நடுகல் வாதத்தை நான் மறுப்பதற்கு இதுவும் காரணம்.

கருணாநிதி நினைவாகக் கடலுக்குள் 134 அடி உயரப் பேனாச் சின்னம் அமைக்கும் திட்டத்தின் மீது 2023 ஜனவரி 31இல் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டம் கூச்சலும் எதிர்ப்புமாகவே போனது. மீனவர்கள் பலர் எழுந்து பேசினார்கள். அவர்கள் பேசியது தலைவரைப் பற்றியல்ல. வலை விரிக்கும் இடத்தைப் பற்றி. இருந்தும் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். மெரினா நினைவுச்சின்னம் ஒன்றைப் பற்றி, அது எழுவதற்கு முன்பே, சாவின் அவசரமில்லாத ஒரு பகற்பொழுதில், கரையோர மக்கள் கருத்துச் சொல்ல முடிந்தது. முந்தைய நான்கு அடக்கங்களில் எதற்கும் இது வாய்க்கவில்லை.

வேப்பேரியில் வேறொரு வழி

திராவிட இயக்கத்தின் மூலவர் மெரினாவில் இல்லை. 1973 டிசம்பர் 24இல் மறைந்த பெரியார், வேப்பேரியில் அவருடைய இயக்கத்தின் சொந்த இடமான பெரியார் திடலில் அடக்கம் செய்யப்பட்டார். 1978இல் மறைந்த மணியம்மையாரும் அங்கேதான். அடக்கத்தைச் சுற்றிலும் 'விடுதலை' அலுவலகம், நூலகம், கூட்ட அரங்கு. கருத்தரங்கும் சாதி மறுப்புத் திருமணமும் அங்கே நடக்கின்றன. இறந்தவரை நினைப்பதற்காக யாரையும் வெளியேற்ற வேண்டியிருக்கவில்லை. அவர் செய்த வேலை அவருக்குப் பக்கத்திலேயே தொடர்கிறது.

இது எல்லாத் தலைவர்களுக்கும் பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. கட்சியின் சொந்த நிலத்துக்குள் அடங்கும் நினைவு எல்லோரையும் எட்டாது. மெரினாவின் பலமே தெருவிலிருந்து யாரும் நேராக உள்ளே போகலாம் என்பது. ஆனால் மெரினாவுக்கு இனி ஒரு விதி தேவை. அதைப் பேரவை எந்தத் தலைவரின் மரணமும் எதிரில் இல்லாத நேரத்தில் விவாதித்துச் சட்டமாக்க வேண்டும். நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரையுள்ள மணலில் எவ்வளவு நினைவுக்கு, எவ்வளவு வலைக்கு, எவ்வளவு கூட்டத்துக்கு என்று அது சொல்ல வேண்டும். அந்த விவாதத்துக்கு நடுக்குப்பத்திலிருந்தும் அயோத்தியா குப்பத்திலிருந்தும் ஆட்களை அழைக்க வேண்டும். 1985இல் வீழ்ந்தவர்களுக்கு நடப்படாத கல்லை எங்கே நடுவது என்பதை அங்கே முதல் பொருளாக எடுத்துக்கொள்ளலாம்.